ஆராய்ச்சி மணி

என் நண்பர் ஒருவர் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் வீட்டுக்கு வருவார். காபி சூடாக இருக்கிற வரையில் என் கதைகளைப் பற்றிப் பேசுவார். ஆறிய பிறகு தம்முடைய அணுக்களைப் பற்றிப் பேசுவார். பௌதிகத்தை இரண்டே ஆண்டு படித்து, அதையும் பரீட்சையோடு மறந்துவிட்ட எனக்கு அவர் சொல்வதில் பாதிதான் விளங்கும். விளங்காத பாதியைக் கற்பனையால் நிரப்பிக்கொள்வது என் தொழில் அல்லவா? நிரப்பிக்கொள்வேன்.

ஆனால் அண்மையில் ஒரு நாள் அவர் சொன்ன சம்பவத்தை அப்படிக் கற்பனையால் மூடிவிட முடியவில்லை. அதைப் பற்றி நானே தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, ஜப்பானிலே நடந்த அந்தச் சம்பவம் எங்கோ தொலைதூரத்தில் நடந்ததாகத் தோன்றவில்லை. என்னைப் பற்றி யாரோ எழுதியிருப்பதைப் படிப்பதுபோல் இருந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஜப்பானின் கிழக்குக் கரையில், இபாரக்கி மாவட்டத்தில், தோக்காய் என்று ஓர் ஊர் இருக்கிறது. கடலோரமாக அங்கே ஜே-பார்க் என்ற ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. துகள் முடுக்கி என்கிறார்களே, அது அங்கே இருக்கிறது. சுமார் 1.6 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையத்துக்குள் புரோட்டான் என்னும் நுண்துகள்களைக் காந்தங்களின் பலத்தால் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். பிறகு அவற்றை வெளியே இழுத்து, பென்சில் துண்டைவிடப் பெரிதல்லாத ஒரு தங்கத் துண்டின் மேல் மோதவிடுகிறார்கள். மோதலில் பிறக்கிற துகள்களை வைத்துக்கொண்டு இயற்கையின் அந்தரங்கத்தை ஆராய்கிறார்கள்.

மோதவிடுவதிலும் ஒரு நிதானம் உண்டு. நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டுகிறவன் மடையை மெல்லத் திறப்பதுபோல், சுமார் 2 விநாடி நேரத்தில் சிறுகச் சிறுகத்தான் புரோட்டான்களை வெளியே விடவேண்டும்.

2013-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி, பகல் 11.55 மணிக்கு அந்த மடை உடைந்துவிட்டது. காந்தம் ஒன்றுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி தவறாக இயங்கியதால், இரண்டு விநாடியில் போயிருக்க வேண்டிய சுமார் 20 லட்சம் கோடி புரோட்டான்கள், ஒரு விநாடியின் 200-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்தத் தங்கத்தின் மேல் பாய்ந்துவிட்டன. தங்கம் தாங்கவில்லை. அதில் ஒரு பகுதி உருகி ஆவியாயிற்று. கதிர்வீச்சுள்ள பொருள்கள் அதிலிருந்து கசிந்து, ஆராய்ச்சியாளர்கள் நடமாடிக்கொண்டிருந்த கூடத்தின் காற்றில் கலந்தன.

யந்திரம் சும்மா இருக்கவில்லை. தன் கடமையைச் செய்தது. ஏதோ கோளாறு என்று உணர்ந்த உடனே தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை கொடுத்தது.

அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எச்சரிக்கையை நீக்கிவிட்டு, சிறிது நேரத்தில் யந்திரத்தை மறுபடியும் ஓட்டினார்கள்.

இதைக் கேட்டதும் நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் ஒரு நிமிஷம் அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்து பார்ப்போம். இம்மாதிரி யந்திரங்கள் அற்பக் காரணங்களுக்காகவும் நின்றுபோகுமாம். ஒரு காந்தம் கொஞ்சம் சூடேறினால் நிற்கும்; ஒரு கம்பி இணைப்பு சற்றே தளர்ந்தால் நிற்கும். ஒவ்வொரு முறையும் மணி அடிக்கும், விளக்கு எரியும். ஒவ்வொரு முறையும் யாராவது கை நீட்டிப் பொத்தானை அமுக்கி அதை அடக்குவார்கள். நூறு முறை ஒன்றும் ஆகாமல் இருந்தால் நூற்றோராவது முறையும் கை தானாகவே பொத்தானுக்குப் போய்விடும். வெளியிலோ, இரவும் பகலும் தங்கள் சோதனைக்காகக் காத்திருக்கும் ஆராய்ச்சியாளர்கள். ஒவ்வொரு நிமிஷத் தாமதமும் அவர்களுடைய நஷ்டம். அந்தக் கை ஓர் அயோக்கியனுடைய கையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பொறுப்புள்ள ஒரு நல்ல மனிதனின் பழகிப்போன கையாக இருந்தாலே போதும்.

பிற்பகலில் இன்னொரு எச்சரிக்கை வந்தது. கூடத்துக்குள் கதிர்வீச்சை அளக்கும் கருவிகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு காட்டின. இதைக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதர்கள் மூச்சு விடுகிற காற்றைப் பற்றிய செய்தி இது. 3.15 மணி வாக்கில், காற்றை வெளியே தள்ளும் விசிறிகளை ஓடவிட்டார்கள். அளவு இறங்கியது. நிம்மதி அடைந்து மீண்டும் யந்திரத்தை ஓட்டினார்கள். மீண்டும் அளவு ஏறியது. சுமார் 4.15-க்கு யந்திரத்தை நிறுத்தினார்கள். 5.30 மணி வாக்கில் விசிறிகளை இன்னொரு முறை ஓடவிட்டார்கள்.

அந்த விசிறிகளில் வடிகட்டி கிடையாது. உள்ளே இருந்தது வெளியே போயிற்று. வெளியே என்றால் எங்கே? வேலிக்கு அப்பால். ஊருக்கு.

அன்று ஊருக்கோ அரசாங்கத்துக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள், பக்கத்திலுள்ள வேறொரு அணு ஆய்வுக்கூடத்தார், தங்கள் எல்லையில் நிற்கும் அளவுகருவியில் முந்தைய நாள் ஒரு சிறு ஏற்றம் பதிவாகியிருப்பதைக் கண்டு விசாரித்தார்கள். அதற்குப் பிறகுதான் இவர்கள் தங்கள் விசிறிகளை நினைத்துப் பார்த்தார்கள். 24-ஆம் தேதி இரவுதான் அதிகாரிகளுக்குத் தகவல் போயிற்று.

இவ்வளவையும் சொல்லிவிட்டு என் நண்பர் சிரித்தார். "இதிலே வேடிக்கை என்னவென்றால், கடைசியில் கணக்குப் பார்த்தால் ஒன்றுமே இல்லை!" என்றார்.

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அன்று அந்தக் கூடத்துக்குள் போய்வந்தவர்கள் 102 பேர். அவர்களில் 34 பேரின் உடலில் கதிர்வீச்சு ஏறியிருந்தது. மிக அதிகமாக ஏறியவருக்கு 1.7 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் உலகத்து மனிதன் ஒவ்வொருவனும் சராசரியாக ஓராண்டில் வாங்கிக்கொள்வது 2.4 மில்லிசீவர்ட். ஊர் எல்லையில் இருந்தவனுக்கு அன்று மிஞ்சிப் போனால் 0.17 மைக்ரோசீவர்ட் போயிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மைக்ரோ என்றால் மில்லியில் ஆயிரத்தில் ஒன்று. நெஞ்சை ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்தால் ஏறுவதைவிட இது மிகவும் குறைவு.

"இதற்காக அந்தக் கூடத்தை ஏறக்குறைய இரண்டு வருஷம் மூடிவைத்தார்கள் ஐயா! 2015 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தார்கள். யாருக்கும் ஒரு தலைவலிகூட இல்லை. ஜனங்கள் கதிர்வீச்சு என்ற சொல்லுக்கே பயப்படுகிறார்கள். சொல்லியிருந்தால் வீண் பீதிதான் கிளம்பியிருக்கும். நீங்களே சொல்லுங்கள், தீங்கு விளையாத இடத்தில் தவறு எங்கிருந்து வந்தது?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல வாய் திறந்தேன்; முடியவில்லை. என் ஞாபகம் வேறெங்கோ ஓடிவிட்டது.

பல வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். கீழ்ப் போர்ஷனில் ஒரு பாட்டியும் அவளுடைய பேத்தியும் இருந்தார்கள். வீட்டுக்கு வந்த மின்சார இணைப்பு பழையது. மரப்பட்டை அடித்து அதன் மேலே ஓட்டிய கம்பிகள். என் போர்ஷனுக்கு வரும் கம்பி பாட்டியின் அறைச் சுவர் வழியாகத்தான் மேலே ஏறியது. நான் வெந்நீர் வைக்க ஹீட்டர் கம்பியைப் போட்டு, அதே சமயம் என் மனைவி இஸ்திரிப் பெட்டியைப் போட்டால், ப்யூஸ் போய்விடும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ப்யூஸ் கட்டையைக் கழற்றி, மெல்லிய கம்பியை மாற்றிப் போட வேண்டும். வாரத்துக்கு மூன்று நான்கு தடவை இந்த வேலை. இரவில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு, நல்ல வாக்கியத்தின் நடுவில் விளக்கு அணைந்தால் எப்படி இருக்கும்? ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், பழைய ஒயரிலிருந்து தாமிர இழைகளை உருவி, நான்கைந்தை ஒன்றாக முறுக்கி, கட்டையில் கட்டிவிட்டேன். அதன் பிறகு ப்யூஸ் போகவே இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தை மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ப்யூஸ் என்பது என்ன? அதுவும் ஒரு மணிதான். 'இதற்கு மேல் தாங்காது' என்று சொல்லிவிட்டுத் தன் உயிரை விடும் மணி. நான் அதன் நாக்கை அறுத்துவிட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு மாலை, கீழேயிருந்து பேத்தியின் அலறல் கேட்டது. ஓடினேன். பாட்டியின் அறைச் சுவரில் மரப்பட்டை புகைந்துகொண்டிருந்தது. கம்பியின் மேலுறை உருகி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பாட்டியின் முன்கையில் சொட்டிவிட்டது. மெயினை அணைத்தேன்.

அதற்கு அடுத்தபடியாக நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. பாட்டியின் கையைப் பார்ப்பதற்கு முன்னால், மாடிப்படிக்கு அடியில் குனிந்து, ப்யூஸ் கட்டையைக் கழற்றி, நான் முறுக்கிக் கட்டிய தாமிரக் கம்பியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகுதான் பாட்டியிடம் போனேன். "ஒன்றுமில்லை பாட்டி, சின்னக் கொப்புளந்தான்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. சின்னக் கொப்புளந்தான். நான்கே நாளில் ஆறிவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் வந்து, ஆறு மாதத்துக்கு முன்னால் வயரிங்கைப் பார்த்துவிட்டுப் போன எலக்ட்ரீஷியன் பையனைக் கூப்பிட்டு, வாசலில் நிற்க வைத்துத் திட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பி என் சட்டைப் பையில் இருந்தது.

மூன்றாம் நாள், தாங்காமல், கீழே போய்ப் பாட்டியிடம் சொன்னேன். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "புண்ணு ஆறிப்போச்சு தம்பி, அதுக்கென்ன? ஆனா நீ அந்தக் கம்பியைப் போட்டப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அந்தச் சுவத்துலே சாஞ்சு உக்காந்திருக்க மாட்டேனே."

என் பௌதிக நண்பரின் கேள்விக்கு நான் தேடிக்கொண்டிருந்த பதிலைப் பாட்டி அன்றைக்கே சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீங்கு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அதை அளக்கக் கருவி உண்டு. மில்லி என்றும் மைக்ரோ என்றும் எண் உண்டு. அந்தச் சுவரில் சாய்வதா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பது வேறொரு கேள்வி. இதை அளக்கக் கருவி கிடையாது. நான் பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டது அவளுடைய முன்கைத் தோலில் ஒரு பொட்டு இடம் மட்டும் அல்ல. அவள் சார்பில் அவளைக் கேட்காமலே நான் ஒரு தீர்மானம் செய்துவிட்டேன். கொப்புளமே உண்டாகாமல் போயிருந்தாலும் அந்தத் தவறு அப்படியேதான் இருந்திருக்கும். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

விசிறியை ஓடவிட்டவர்களை எண்ணிப் பார்க்கிறேன். உள்ளே இருக்கிறவர்கள் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்றுதானே அவர்கள் நினைத்திருப்பார்கள்? அதில் கருணை இருந்தது. ஆனால் அந்தக் கருணைக்கு ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு உள்ளே இருக்கிறவர்கள் முகம் தெரிந்தவர்கள். கூட உட்கார்ந்து டீ சாப்பிடுகிறவர்கள். சுவருக்கு வெளியே இருப்பது வெறும் 'வெளி'. குப்பையை நம் வாசலிலிருந்து பெருக்கித் தெருவில் தள்ளுகிறோமே, அப்போது தெருவில் நடக்கிறவனுடைய முகம் நமக்குத் தெரிகிறதா? நம்மில் பெரும்பாலோருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. அந்த இரக்கம் வீட்டுச் சுவர்வரையில் வந்து நின்றுவிடுகிறது.

"வீண் பீதி கிளம்பும்" என்றார் நண்பர். இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நாள் முழுவதும் அபாயம் அபாயம் என்று கத்துகிற ஊரில், உண்மையான அபாயம் வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டு அறையில் நடந்ததே அதுதானே? ஆனால் ஒன்று. 'இது சிறியது, பயப்படாதீர்கள்' என்று சொல்லும் தகுதி, முதலில் வந்து சொல்கிறவனுக்குத்தான் உண்டு. அவனே வந்து, 'நடந்தது இது, அளவு இது' என்று சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு அதே எண்ணை, அதே உண்மையைச் சொன்னாலும், கேட்கிறவன் மனம் 'இன்னும் எதை மறைக்கிறாய்?' என்றுதான் கேட்கும். எண் மாறவில்லை, சொல்கிறவன் மாறிவிட்டான். நான் மூன்று நாள் கழித்துச் சொன்னபோது, வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு அந்த வீட்டில் எது பழுதானாலும் அவர் முதலில் மாடியைத்தான் பார்ப்பார்.

தோக்காய் ஊருக்கு இது புதிய பாடமும் அல்ல. 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி, அதே ஊரில் யுரேனிய எரிபொருள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காக முறைகளை மீறி யுரேனியக் கரைசலை வாளியால் ஊற்றினார்கள். அணுத் தொடர்வினை மூண்டுவிட்டது. தொழிலாளர்கள் இருவர் பிறகு இறந்துபோனார்கள். அன்று அந்த ஊரின் தலைவராக இருந்தவர் தத்ஸுயா முரகாமி. மேலிடத்து உத்தரவு வரும்வரையில் அவர் காத்திருக்கவில்லை. 350 மீட்டர் ஆரத்துக்குள் குடியிருந்தவர்களை வெளியேறச் சொல்லித் தம் பொறுப்பில் தீர்மானித்தார். கணக்குகள் அவர் கையில் முழுமையாக இருந்திருக்க முடியாது. சுவருக்கு வெளியே இருந்தவர்களின் முகங்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. அது போதுமானதாக இருந்தது.

நமக்கு ஒரு பழைய கதை உண்டு. மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாசலில் ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டான். அதற்கு ஆராய்ச்சி மணி என்று பெயர். கன்றை இழந்த பசு வந்து அந்த மணியை அடித்தது. தேர்க்காலில் கன்றை அரைத்தவன் அரசனுடைய மகன். அரசன் செய்த தீர்ப்பைப் பற்றி நாம் காலமெல்லாம் பேசுகிறோம். அது நியாயமா, கொடுமையா என்று பட்டிமன்றம்கூட நடத்துகிறோம். ஆனால் தீர்ப்பைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அந்த மணி இருந்த இடம். அவன் அதைத் தன் படுக்கை அறையில் கட்டவில்லை. வெளியே இருக்கிறவர்கள், வாயில்லாத பசுகூட, எட்டி இழுக்கக்கூடிய இடத்தில் கட்டினான். 'ஒரு கன்றுதானே' என்ற சொல் அரண்மனைக்குள் பிறக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மணியின் கயிற்றை வெளியே விட்டான்.

தோக்காயின் ஆராய்ச்சிக் கூடத்து மணிகள் எல்லாம் அன்று உள்ளேயே அடித்தன. உள்ளே இருந்தவர்களின் கையாலேயே அடங்கின. கடைசியில் அவர்களை விழிக்கச் செய்தது, வேலிக்கு வெளியே, வேறொருவருடைய எல்லையில் நின்ற ஒரு மணி.

அவர்கள் அதற்கப்புறம் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். தங்கத்தைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்தார்கள். கூடத்தைக் காற்றுக் கசியாதபடி அடைத்து, வெளியே போகும் காற்றை வடிகட்டி, அளந்து அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். நடந்ததை மணி வாரியாக எழுதி, 'இந்த இடத்தில் நாங்கள் தவறாகத் தீர்மானித்தோம்' என்று உலகம் படிக்கும்படி வெளியிட்டார்கள். அதனால்தான் இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அவர்களைப் பற்றிப் பேச முடிகிறது. தங்கள் சட்டைப் பையிலிருந்த கம்பியை அவர்கள் எடுத்து மேஜையின் மேல் வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்தபோது, ப்யூஸ் கம்பிக் கதையை, பையில் போட்டுக்கொண்ட பகுதியோடு சேர்த்து, அவரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. காபி ஆறிப்போயிற்று. பிறகு கேட்டார்:

"அந்த எலக்ட்ரீஷியன் பையனிடம் சொன்னீர்களா?"

நான் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன், பாட்டியிடம் சொன்னேன். வாசலில் தலையைக் குனிந்து நின்ற அந்தப் பையனைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை. அவன் என் சுவருக்கு வெளியே இருந்தவன்.